பந்தைக் கொடுக்கத் தெரிந்தவர்: தியான் சந்த்

ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். ஏன் அந்தத் தேதி என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வேறு ஊர்ப் பிள்ளைகள் செல்போனில் தேடுவார்கள். நம் குளத்தூரிலிருந்து விளாத்திகுளம், எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குப் போய் ஹாக்கி பழகும் பிள்ளைகள் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள்: தியான் சந்த் பிறந்தநாள்.

பெயர் தெரிகிறது. அதற்கு மேல் கேட்டால் இரண்டு கதைகள் வரும். மட்டைக்குள் காந்தம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு வெளிநாட்டில் உடைத்துப் பார்த்தார்கள் என்பது ஒன்று. ஜெர்மனி ராணுவத்தில் பெரிய பதவி தருவதாக ஹிட்லர் ஆசை காட்டினார் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் காந்தக் கதையில் ஒரு கெடுதல் உண்டு. பந்து மட்டையை விட்டுப் பிரியாமல் வைத்திருப்பவன்தான் பெரிய ஆட்டக்காரன் என்று அது பிள்ளைகள் மனதில் பதித்துவிடுகிறது. தியான் சந்தின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அந்த மனிதர் செய்தது நேர் எதிரானது என்று தெரியும்.

நம் வளாகத்தில் சாயங்காலம் பிள்ளைகள் மட்டையோடு இறங்கும்போது மாடியிலிருந்து சில அப்பாக்களும் சித்தப்பாக்களும் கொடுக்கும் சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நீயே கொண்டு போ, அவனுக்குக் கொடுக்காதே என்பதுதான் பெரும்பாலும் அதன் சாரம். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்காக.

தியான் சந்த் 1905 ஆகஸ்ட் 29-இல் அலகாபாத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் தியான் சிங். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வேலை பார்த்தவர், அவரும் ஹாக்கி ஆடியவர். ராணுவக் குடும்பம் என்றால் உங்களுக்குத் தெரியும், ஊர் ஊராக மாற்றல். அதனால் பையனின் படிப்பு ஆறு வருடத்தோடு நின்றுபோனது. கடைசியில் குடும்பம் ஜான்சியில் நிலைகொண்டது. அது புந்தேல்கண்ட் சீமை. மழை குறைவு, வெயில் அதிகம், கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமி. நம்மூர்க்காரர் ஒருவரைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டால் ரொம்ப அந்நியமாக உணரமாட்டார்.

சின்ன வயதில் அவருக்குப் பிடித்தது மல்யுத்தம். ராணுவத்தில் சேருவதற்கு முன் சொல்லும்படியாக ஹாக்கி ஆடிய நினைவே இல்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். மூன்று வயதிலேயே பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1922-இல், பதினேழு வயது நிறைந்த அன்று, சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கே பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் இருந்தார். ஹாக்கிப் பித்துப் பிடித்தவர். மட்டையைப் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பகல் முழுக்கப் பட்டாள வேலை. விளையாட்டுக்கென்று தனி நேரம் ஒதுக்கமாட்டார்கள், மைதானத்தில் விளக்கும் கிடையாது. ஆகவே வேலை முடிந்து நிலா எழும்வரை காத்திருந்து ஆடினார் என்றும், அதனால்தான் கூட இருந்தவர்கள் நிலாவைக் குறிக்கும் சந்த் என்ற சொல்லைப் பெயரோடு ஒட்டவைத்தார்கள் என்றும் சொல்வார்கள். தியான் சிங் இப்படித்தான் தியான் சந்த் ஆனார்.

நிலா வெளிச்சத்தில் ஆடிப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். ஓங்கி அடித்தால் பந்தைத் தேடவே பொழுது போய்விடும். பந்தை மெதுவாக, தரையோடு, சரியான தூரத்துக்கு மட்டும் தள்ள வேண்டும். வேகத்தைவிட அளவு முக்கியமாகிவிடும். அவருடைய பாஸில் இருந்த அந்த அளவு அங்கேதான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஹாக்கியில் இதற்குப் புஷ் என்று பெயர். மட்டையைப் பின்னால் ஓங்காமல், பந்தோடு ஒட்டவைத்துத் தள்ளுவது. இடது கை மட்டையின் உச்சியில், வலது கை நடுவுக்குச் சற்றுக் கீழே, முட்டி மடங்கி, இடது தோள் பந்து போக வேண்டிய பக்கம் திரும்பியிருக்க வேண்டும். சத்தமே வராது. நம் வளாகத்துக்கு ஏற்ற பயிற்சியும் இதுதான். இரண்டு பிள்ளைகளை 5 மீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். நடுவில் இரண்டு செருப்பை ஒரு மீட்டர் அகலத்தில் போடுங்கள். செருப்பில் படாமல் பந்து நடுவே போய்வர வேண்டும். வாங்குகிறவர் மட்டையின் மேல்பகுதியைச் சற்றே முன்னால் சாய்த்து, பந்து எகிறாமல் அடக்க வேண்டும். இருபது தடவை தவறாமல் போய்வந்தால் ஆளுக்கு ஓரடி பின்னால் நகரலாம். தவறினால் ஓரடி முன்னால். பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குள் போட்டி சூடுபிடித்துவிடும். கார் நிறுத்தும் இடத்தில் இதை ஆடுவதானால் கெட்டியான ஹாக்கிப் பந்து வேண்டாம், டென்னிஸ் பந்து போதும். கண்ணாடி உடைந்த பிறகு சங்கக் கூட்டத்தில் பேசுவதைவிட இது சுலபம்.

பட்டாளங்களுக்குள் நடந்த போட்டிகளில்தான் அவர் பெயர் முதலில் பரவியது. ஜீலத்தில் ஓர் இறுதி ஆட்டம். அவருடைய அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தது, மிச்சம் நான்கு நிமிடம். ஓரத்தில் நின்ற அதிகாரி ஏதாவது செய் என்று சத்தம் போட்டாராம். அந்த நான்கு நிமிடத்தில் மூன்று கோல் விழுந்தது. 1926-இல் நியூசிலாந்துக்குப் போன இந்திய ராணுவ அணியில் இடம் கிடைத்தது. அந்த அணி 21 ஆட்டங்களில் 18-ஐ வென்று, இரண்டைச் சமன் செய்து, ஒன்றில் மட்டும் தோற்றது. திரும்பி வந்ததும் லான்ஸ் நாயக் பதவி. சிப்பாய்க்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். ஆட்டத்தால் அவருக்குக் கிடைத்த முதல் லாபம் தோளில் ஏறிய அந்த ஒரு பட்டை.

1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். அதற்கு ஆள் எடுக்கக் கல்கத்தாவில் மாகாணங்களுக்கு இடையே போட்டி நடந்தது. ராணுவம் அனுமதி கொடுத்ததால் ஐக்கிய மாகாண அணியில் ஆடினார், அந்த அணியே வென்றது. பம்பாயில் கப்பல் ஏறும்போது வழியனுப்ப வந்தவர்கள் மூன்று பேர். ஹாக்கி சம்மேளனத்தின் தலைவர், துணைத்தலைவர், ஒரு பத்திரிகைக்காரர். அந்த அணி ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0 என்று தாண்டி, இறுதியில் அந்த ஊர்க்காரர்களான நெதர்லாந்தை 3-0 என்று வென்றது. ஐந்து ஆட்டம், 29 கோல், வாங்கியது ஒன்றுகூட இல்லை. அதில் 14 தியான் சந்த் போட்டது. இறுதி ஆட்டத்தை அவர் காய்ச்சலோடு ஆடினார். திரும்பி வந்தபோது பம்பாய்த் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தக் கால ஆட்ட அமைப்பைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருவது புரியாது. அன்றைக்கு முன்வரிசையில் ஐந்து பேர். நடுவில் சென்டர் ஃபார்வர்டு, அவருக்கு இரு பக்கமும் இன்சைடு லெஃப்ட், இன்சைடு ரைட், ஓரங்களில் இரண்டு விங். ஆஃப்சைடு விதி கடுமையாக இருந்தது. எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டிப் போய் கோல் அருகே முன்கூட்டியே காத்து நிற்க முடியாது. (இந்த விதியை ஹாக்கியில் 1990-களின் பிற்பகுதியில்தான் எடுத்தார்கள்.) ஆகவே தாக்குதல் என்பது நேரக் கணக்கு. பந்து கிளம்பும் நொடிக்குப் பிறகுதான் ஆள் தாண்ட வேண்டும். கொடுப்பவர் அரை நொடி தாமதித்தால் ஊதல். அவசரப்பட்டாலும் வீண். தியான் சந்த் ஆடியது அந்த நடு இடத்தில், சென்டர் ஃபார்வர்டாக. மைதானத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே அறிந்து வைத்திருப்பார், சதுரங்கப் பலகையைப் பார்ப்பதுபோல என்று, பின்னாளில் ஒலிம்பிக் தங்கம் வென்ற கேசவ் தத் நினைவுகூர்ந்திருக்கிறார். கையில் இருந்ததைவிட தலையில் இருந்ததே பெரிது என்பது அவர் கருத்து.

அவருடைய தம்பி ரூப் சிங் இன்சைடு லெஃப்ட். அண்ணனுக்குப் பக்கத்து இடம். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வந்தபோது தேர்வுப் போட்டியில் ஆட அண்ணனுக்குப் பட்டாளம் விடுப்புத் தரவில்லை. தேர்வுக் குழு அவரை ஆடிக்காட்டச் சொல்லாமலே எடுத்தது. ரூப் சிங்கும் அந்த அணிக்குத் தேர்வானார். உலகமே பணமுடையில் இருந்த நேரம். அவ்வளவு தூரம் கப்பல் ஏறி வரப் பல நாடுகளால் முடியவில்லை. ஹாக்கியில் மூன்றே அணிகள். இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1. இந்த 24-ஐ எல்லாரும் சொல்வார்கள். எதிரணி ஆட்டத்துக்குப் புதிது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 24 எப்படிப் பிரிந்தது என்பது. ரூப் சிங் 10. தியான் சந்த் 8. குர்மித் சிங் 5. பின்னிகர் 1. உலகம் கொண்டாடிய மந்திரவாதி, ஒலிம்பிக்கின் பெரிய வேட்டை நாளில், தம்பியைவிடக் குறைவாகப் போட்டிருக்கிறார். பந்தை விடாமல் வைத்திருப்பவர் என்றால் இது நடக்குமா?

இன்னொரு கணக்கும் பாருங்கள். 1935-இல் அவர் தலைமையில் இந்திய அணி நியூசிலாந்து சுற்றுப்பயணம் போனது. வழியில் இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா என்று ஆடியதையும் சேர்த்து 48 ஆட்டங்கள், 584 கோல்கள். தியான் சந்த் 43 ஆட்டங்களில் 201. மலைப்பான எண்தான், மறுக்கவில்லை. ஆனால் மீதி 383 கோல்களை மற்றவர்கள் போட்டார்கள். அந்தப் பயணத்தில்தான் அடிலெய்டில் கிரிக்கெட் வீரர் பிராட்மனைச் சந்தித்தார்.

தான் ஆடிய ஆட்டங்களிலேயே சிறந்ததாக அவர் எதைச் சொன்னார் தெரியுமா? ஒலிம்பிக் எதையும் இல்லை. 1933-இல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி ஆட்டத்தை. ஒரு பக்கம் கல்கத்தா கஸ்டம்ஸ், பெரிய பெரிய பெயர்கள் கொண்ட அணி. மறுபக்கம் ஜான்சி ஹீரோஸ், அவருடைய சொந்த ஊர் கிளப். அதில் ரூப் சிங்கையும் ரயில்வே அணியில் ஆடிக்கொண்டிருந்த இஸ்மாயிலையும் விட்டால் சொல்லும்படியான பெயர் இல்லை. கஸ்டம்ஸ் நெருக்கிக்கொண்டே இருந்தது. ஜான்சி கோல் எந்த நேரமும் விழலாம் என்ற நிலை. அப்போது நடு மைதானத்தில் பந்து தியான் சந்திடம் வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. முன்னால் திறந்து கிடந்த வெளியில், தடுப்பாளர்களுக்கு நடுவே, நீளமாக ஒரு பாஸ் விட்டார். இஸ்மாயில் பாதி மைதானத்தை ஓடிக் கடந்தார். எதிரணியின் ஹாஃபுக்கும் கோல்கீப்பருக்கும் இடையில், நீ எடுப்பாயா நான் எடுப்பேனா என்று ஒரு குழப்பம். அந்த இடைவெளியில் இஸ்மாயில் கோலுக்குள் தள்ளிவிட்டார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். கோப்பை ஜான்சிக்குப் போனது.

ஆயிரம் கோல் போட்ட மனிதர் என்று சொல்கிறோம். அவர் மனதில் நின்ற ஆட்டத்தில் கோல் போட்டவர் வேறொருவர். மாடியிலிருந்து சத்தம் போடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த இஸ்மாயில் பாஸை நம் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது? கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. ஆண்டுதோறும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி அங்கேதான் நடக்கிறது. பார்க்கப் போயிருந்தால் பந்து அந்தத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும் வேகத்தை நீங்களே கண்டிருப்பீர்கள். கரிசலில் அது நடக்காது. மழை பெய்தால் காலில் கட்டி கட்டியாக அப்பிக்கொள்ளும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். செம்மண்ணோ சரளையோ அடித்து இறுக்கிய இடத்தில்தான் ஆட முடியும், அங்கும் பந்து குதிக்கும். ஆனால் பார்வையைப் பழக்க எந்தத் தரையும் போதும்.

மூன்று பேரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தாக்க வேண்டும், ஒருவர் தடுக்க வேண்டும். பத்து மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளம் இருந்தால் தாராளம். பந்து வைத்திருப்பவர் தடுப்பவரை விட்டு விலகி ஓடக் கூடாது, அவரை நோக்கியே நேராகப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு இது விநோதமாக இருக்கும். ஆனால் நேராகப் போனால்தான் தடுப்பவருக்கு வேறு வழி இல்லாமல் பந்தின் மேல் வருவார். அவர் ஓரடி எடுத்துவைத்த அந்தக் கணம், இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி இருக்கும்போதே, பந்து கூட்டாளிக்குப் போய்விட வேண்டும். கூட்டாளி நிற்கும் இடத்துக்கு அல்ல, ஓடப்போகும் இடத்துக்கு. சீக்கிரம் கொடுத்தால் தடுப்பவர் திரும்பிக் கூட்டாளியைப் பிடித்துவிடுவார். தாமதித்தால் பந்தே பறிபோகும். கொடுத்தவர் அங்கேயே நின்று வேடிக்கை பார்க்காமல் தடுப்பவரின் முதுகுப் பக்கமாக ஓடித் திரும்ப வாங்க வேண்டும். இதில் தேறியதும் மூன்றுக்கு இரண்டு என்று ஆளைக் கூட்டலாம். அப்போது முக்கோணம் உருவாகும். தியான் சந்த், ரூப் சிங், பக்கத்தில் இன்னொருவர் என்று அன்று கட்டியதும் அதே முக்கோணம்தான்.

பந்து வருவதற்கு முன்னால் தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன வித்தை. பின்னால் நிற்கும் ஒருவர் விரல்களைக் காட்டட்டும், எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுத்தான் பந்தை வாங்க வேண்டும். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இனி 1936. பெர்லின். இப்போது தியான் சந்த் அணித்தலைவர். ஜூலை 17-ஆம் தேதி ஜெர்மனி அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். இந்தியா 1-4 என்று தோற்றது. அன்று பார்த்தவர்களுக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கும். முன்வரிசையில் பந்து ஓடவில்லை, கோர்வை அறுந்து கிடந்தது. இன்சைடு ரைட் இடத்துக்கு ஒருவர் தேவை என்று ஊருக்குத் தகவல் போனது. அலி தாரா விமானம் ஏறி வந்து சேர்ந்தார். பல நாள் பயணத்துக்குப் பிறகு பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் ஆடினார். இதிலும் கவனியுங்கள். உலகின் தலைசிறந்த கோல்காரர் அணியில் இருக்கும்போதே, அவருக்குப் பக்கத்தில் நின்று கொடுத்து வாங்க ஓர் ஆள் இல்லையே என்றுதான் கவலைப்பட்டார்கள்.

ஹங்கேரி 4-0, அமெரிக்கா 7-0, ஜப்பான் 9-0, பிரான்ஸ் 10-0. இறுதியில் மறுபடியும் ஜெர்மனி. ஆகஸ்ட் 14 நடக்க வேண்டிய ஆட்டம் மழையால் 15-க்குத் தள்ளிப்போனது. போட்டிக்கு முன், உடை மாற்றும் அறையில், பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவண்ணக் கொடியை எடுத்தார், வீரர்கள் அதை வணங்கினார்கள். அதிகாரபூர்வமாக அவர்கள் அங்கே நின்றது பிரிட்டிஷ் இந்தியாவின் கொடியின் கீழ். தியான் சந்தோ பிரிட்டிஷ் ராணுவச் சம்பளத்தில் இருந்தவர். சரியாகப் பதினொரு வருடம் கழித்து அதே தேதி நமக்கு என்னவாகப் போகிறது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

முதல் பாதியில் ஒரே ஒரு கோல், இந்தியாவுக்கு. நனைந்த தரையில் பந்து ஓடவில்லை. இடைவேளைக்குப் பிறகு தியான் சந்த் ஆணி வைத்த ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு, ரப்பர் அடிப்பாகமுள்ள காலணியோடு வெறுங்காலாக இறங்கினார். கோல்கள் மளமளவென்று விழுந்தன. முடிவு 8-1. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கியது அந்த ஒரு கோல் மட்டும், போட்டது 38. இறுதி ஆட்டத்தில் அவர் போட்டது எத்தனை என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது, அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். இன்னொரு சம்பவம் சொல்வார்கள். ஜெர்மனி கோல்கீப்பர் மோதியதில் அவருக்கு ஒரு பல் போயிற்றாம். மருந்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தவர், பதிலுக்கு மோதச் சொல்லவில்லை. கோல் போட வேண்டாம், பந்தை வட்டம் வரை கொண்டுபோய்த் திரும்பப் பின்னால் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றாராம். எதிரணி பந்தைத் தொட முடியாமல் நின்றதாம். பழிவாங்கக்கூட அவர் பாஸைத்தான் எடுத்திருக்கிறார்.

கோல் போடுவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோவில்பட்டிப் பயிற்சியாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஹாக்கியில் எங்கிருந்து வேண்டுமானாலும் கோல் அடிக்க முடியாது. நம் பையன்கள் டி என்று சொல்லும் 14.63 மீட்டர் வட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டை பட்டால்தான் கணக்கு. கோல் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14. நடுவில் கவசம் போட்ட கோல்கீப்பர். ஆகவே அங்கே கிடைக்கும் நேரம் ஒரு நொடியோ, அதற்கும் குறைவோ. பந்தை நிறுத்தி, சரிசெய்து, நிமிர்ந்து பார்த்து அடிக்கிற பிள்ளை அதற்குள் சுற்றி வளைக்கப்பட்டிருக்கும். முதல் தொடுதலிலேயே பந்து அடிக்க வாகான இடத்துக்கு, வலது காலுக்குச் சற்று முன்னால், வந்து உட்கார வேண்டும். இரண்டாவது தொடுதல் கோல்.

பயிற்சி இப்படி. ஓரத்திலிருந்து ஒருவர் தள்ளிக் கொடுக்க, ஓடிவருபவர் இரண்டே தொடுதலில் முடிக்க வேண்டும். கோலின் இரண்டு மூலையிலும் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து அதை வீழ்த்தச் சொல்லுங்கள். உயரத் தூக்க வேண்டாம், தரையோடு மூலைக்கு. கோலின் பின்பலகையில் பந்து படும் சத்தம் கேட்டவர்களுக்கு அந்த ருசி தெரியும். இன்னொருவர் கோல் வாசலில் நின்று, தட்டி வெளியே வரும் பந்தை மட்டும் குறிவைக்க வேண்டும். பாதிக் கோல்கள் அப்படித்தான் விழுகின்றன, அவற்றைப் போட்டவர் பெயரை யாரும் நினைவில் வைப்பதில்லை. வளாகத்துக்குள் இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம், திறந்த மைதானத்தில் மட்டும். முழங்காலுக்குக் கீழே காவலும் பல்லுக்குக் காப்பும் கட்டாயம்.

தியான் சந்த் கோல் முகத்தை எப்படி அறிந்து வைத்திருந்தார் என்பதற்கு ஒரு கதை உண்டு. ஓர் ஆட்டத்தில் அவருடைய அடிகள் தொடர்ந்து கம்பத்தில் பட, கோல் அகலம் குறைவு என்று நடுவரிடம் முறையிட்டாராம். அளந்து பார்த்தால் உண்மையாகவே குறைவாம். நடந்ததோ இல்லையோ, நம்பத் தோன்றுகிற கதை. இதைவிட எனக்குப் பிடித்தது கே.டி. சிங் பாபு சொன்னதாக வழங்கும் ஒன்று. தியான் சந்த் அவருக்கு ஒரு பாஸ் கொடுத்துவிட்டு, கோல் விழுகிறதா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி நடந்துவிட்டாராம். ஏன் என்று பிறகு கேட்டதற்கு, அந்தப் பந்தில் கோல் போட முடியாதவனுக்கு என் அணியில் இடமில்லை என்ற அர்த்தத்தில் பதில் வந்ததாம்.

அதன்பின் உலகப் போர் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடக்கவே இல்லை. அவருடைய நல்ல வருடங்களில் மிச்சமிருந்தவை அதில் போயின. நாற்பது வயதைத் தாண்டியும் 1947-48-இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அணியை நடத்திச் சென்றார். 1952-இல் அவருடைய சுயசரிதை வெளிவந்தது. நமக்குப் பெருமையான செய்தி, அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் பத்திரிகை. 1956-இல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார், அதே வருடம் பத்மபூஷண். பிறகு பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார், ராஜஸ்தானில் மவுண்ட் அபுவில் முகாம்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசி வருடங்களை ஜான்சியில் கழித்தார்.

1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி. பாகிஸ்தானுக்கு எதிராக 2-1 என்று இந்தியா வென்றபோது வெற்றிக் கோலைப் போட்டவர் அசோக் குமார், தியான் சந்தின் மகன். அப்பா அதைக் கேட்க உயிரோடு இருந்தார். ஹாக்கியில் இந்தியா வென்ற ஒரே ஆண்கள் உலகக் கோப்பை அது.

கடைசிக் காலம் வசதியாக இல்லை. மூன்று தங்கம் கொண்டுவந்தவருக்குப் பணம் என்று பெரிதாக எதுவும் சேரவில்லை. ஈரலில் புற்றுநோய் வந்து தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பொது வார்டுதான். 1979 டிசம்பர் 3-ஆம் தேதி அங்கே இறந்தார். அடுத்த வருடம் தபால்தலை வந்தது. தேசிய விளையாட்டு தினம் 2012-இல், கேல் ரத்னா விருதுக்கு அவர் பெயர் 2021-இல். எல்லாம் வந்தது, தாமதமாக.

உடலை ஜான்சிக்குக் கொண்டுபோனார்கள். ஜான்சி ஹீரோஸ் அணி ஆடிய மைதானத்திலேயே, பஞ்சாப் ரெஜிமென்ட்டின் ராணுவ மரியாதையோடு தகனம் நடந்தது. இஸ்மாயிலோடும் தம்பியோடும் கூடப் பிறந்தவர்கள்போல் ஆடிய அந்த கிளப்பின் மண்ணில்.